மாணவர் கையிற் கமரா

விளைச்சலைக் கண்டு மகிழ்வோர் நாற்றங்காலை நினைப்பதில்லை. ஒரு நாட்டின் கலைவளத்தை மதிப்பிடப் புகுவோரும் பெரும்பாலும் இவ்வாறே நடந்துகொள்கின்றனர். பெற்ற பரிசுகளை எண்ணுகின்றனர்; பரிசு பெற்ற கலைஞர் எங்கு, எவ்வாறு, எவர் செலவில் உருவானார் என்பதை விசாரிப்பதில்லை. ஏனைய கலைகளைக் காட்டிலும் சினிமாவுக்கு இவ்விசாரணை இன்றியமையாதது. கவிதை எழுதத் தாளும் பேனாவும் போதும். சினிமாவோ கருவிகளையும் கூட்டுழைப்பையும் பெரும் பணத்தையும் வேண்டி நிற்பது. எனவே திரைப்பட மாணவர் என்பவர் யார், அவருக்குச் சமூகம் எதனைக் கொடுக்கிறது, அவரிடமிருந்து எதனை எதிர்பார்க்கிறது என்னும் வினாக்கள், கலை பற்றியன மாத்திரமன்றிப் பொருளாதாரமும் அரசியலும் பற்றியனவாகவும் அமைந்துவிடுகின்றன.

2024ஆம் ஆண்டு மே மாதம் பிரான்ஸ் நாட்டின் கான் திரைப்பட விழாவில், இந்திய நெறியாளர் பாயல் கபாடியாவின் 'ஓல் வீ இமாஜின் அஸ் லைட்' என்னும் படம் 'கிரான் பிரீ' பரிசினைப் பெற்றது. அவ்விழாவின் இரண்டாவது உயர்ந்த பரிசு அது. பிரதான போட்டிப் பிரிவில் இந்தியப் படமொன்று இடம்பெற்றதே முப்பது ஆண்டுகளின் பின்னர்தான். அதற்கு முன்னர் 1994இல் ஷாஜி என். கருணின் மலையாளப் படமான 'ஸ்வாஹம்' இடம்பெற்றிருந்தது. பிரதமர் தொடக்கம் பலரும் கபாடியாவை வாழ்த்தினர். அவர் பயின்ற புனே இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவகமும் தன் மாணவியென அவரைப் பாராட்டியது. அதே வேளையில், அந்நிறுவகத்தில் 2015இல் நிகழ்ந்த போராட்டம் தொடர்பாக 35 மாணவர்மீது பொலிஸார் தொடுத்த வழக்கு முடிவுறாமற் கிடந்தது. அம் முப்பத்தைவருள் பாயல் கபாடியாவும் ஒருவர்.

ஒரு கையில் மாலை, மறு கையில் அழைப்பாணை. இம்முரண்பாட்டை விதியின் விளையாட்டு என்று சிரித்துவிட்டு அப்பாற் செல்லலாம். ஆயின் அது தற்செயலானதன்று. திரைப்பட மாணவரின் கையிலுள்ள கமரா எதற்கு உரியது என்பது பற்றி நெடுநாளாக நிலவிவரும் கருத்து வேறுபாடே இங்கு வெளிப்பட்டிருக்கிறது. அதனைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடைத்து.

நாற்றங்காலின் கதை

புனே நிறுவகம் 1960ஆம் ஆண்டு இந்திய மத்திய அரசினால் நிறுவப்பட்டது. அதற்குக் கிடைத்த நிலம் சாதாரணமானதன்று. மராத்தித் திரைப்பட வரலாற்றிற் புகழ்பெற்ற பிரபாத் நிறுவனத்தின் படப்பிடிப்பு நிலையம் அது. 1936இல் 'சந்த் துக்காராம்' என்னும் பக்திச் சித்திரத்தை ஈன்ற மண். வர்த்தக நிலையமொன்று மூடப்பட்ட இடத்திற் பள்ளிக்கூடம் ஒன்று எழுந்தது என்பதே பொருள்பொதிந்த செய்தி. கொட்டகையின் வசூலைக் கருதிப் படமெடுத்த இடத்தில், வசூலைக் கருதாது படமெடுக்கப் பழகும் வாய்ப்பினை அரசு ஏற்படுத்திற்று. 1964இல் அந்நகரிலேயே தேசியத் திரைப்படக் காப்பகமும் அமைந்தது. உலகின் சிறந்த படங்களை மாணவர் பார்த்துப் பயில வழி பிறந்தது.

1960களின் நடுப்பகுதியில் வங்க நெறியாளர் ரித்விக் கட்டக் அங்கு உப அதிபராகச் சிறிது காலம் பணியாற்றினார். அவர் இருந்த காலம் குறுகியது; விளைவோ நெடியது. மணி கௌல், குமார் சஹானி, ஜோன் ஏபிரகாம் ஆகியோர் அவரது மாணாக்கர். வகுப்பறையில் மாத்திரமன்றி நிறுவக வளவின் மரத்தடியிலும் அவர் பாடம் நடத்தினார் என்பர். அம்மரத்தை 'ஞான விருட்சம்' என்றே மாணவர் இன்றும் வழங்குவர்.

இத்தகைய இடம் மாணவருக்கு அளிப்பது என்ன? தொழில்நுட்ப அறிவு என்பர் சிலர். கமராவை இயக்குதல், ஒலியைப் பதிதல், படத்தைத் தொகுத்தல் ஆகியவற்றை இக்காலத்தில் வேறு வழிகளிலும் கற்கலாம். வேறு இடங்களிற் கிட்டாதவை இரண்டு. ஒன்று நேரம், மற்றது தோழமை. பார்வையாளர் எத்தனை பேர், விளம்பரம் எவ்வளவு என்னும் நெருக்குதல் இன்றி ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் நேரம். நெறியாள்கை, ஒளிப்பதிவு, ஒலி, தொகுப்பு ஆகியவற்றைப் பயில்வோர் ஒரே விடுதியில் வாழ்ந்து, ஒருவர் படத்தில் மற்றவர் உழைத்து, இரவெல்லாம் வாதிடும் தோழமை. அரசு தன் செலவில் அளித்த உண்மையான கொடை இவையிரண்டுமே எனலாம்.

நூற்று முப்பத்தொன்பது நாள்

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் நிறுவகத்தின் தலைவர் பதவிக்கு நடிகர் கஜேந்திர சௌஹான் நியமிக்கப்பட்டார். 'மகாபாரதம்' தொலைக்காட்சித் தொடரில் தருமராக நடித்தவர் என்பதே அவரைப் பற்றி நாடு நன்கறிந்த செய்தி. அடூர் கோபாலகிருஷ்ணன் போன்றோர் வகித்த பதவிக்கு அவருக்கிருந்த தகைமை கலைத்தகைமை அன்று, ஆளுங்கட்சிச் சார்பே என மாணவர் கருதினர். நியமிக்கும் உரிமை தனக்குண்டு என்றது அரசு. ஜூன் 12ஆம் திகதி தொடங்கிய வகுப்புப் பகிஷ்கரிப்பு 139 நாள் நீடித்தது.

அப்போராட்டத்தின் ஒரு கிளைச் சம்பவம் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. 2008ஆம் ஆண்டிற் சேர்ந்த மாணவர் பலரின் இறுதியாண்டுப் படங்கள் முடிவுறாதிருந்தன. மூன்றாண்டுப் படிப்பு ஏழாண்டாகியும் முடியவில்லை என்பது உண்மை. மாணவரின் அசட்டையே காரணம் என்றது ஒரு சாரார். கருவிப் பற்றாக்குறையும் நிருவாகச் சீர்கேடுமே காரணம் என்றது மறு சாரார். அப்படங்களை உள்ள நிலையிலேயே மதிப்பிட்டு முடிப்பதென 2015 ஆகஸ்டில் நிருவாகம் தீர்மானித்தது. பாதி தீட்டிய ஓவியத்துக்குப் புள்ளி போடுவதற்கு ஒப்பானது இது. மாணவர் பணிப்பாளரை அவரது அறையிற் சூழ்ந்துகொண்டு விளக்கம் கேட்டனர். முறைப்பாடு போயிற்று. நள்ளிரவில் வளவினுட் புகுந்த பொலிஸார் ஐவரைக் கைதுசெய்தனர். பின்னர் 35 பேர்மீது குற்றப்பத்திரம் தாக்கலாயிற்று.

ஒக்டோபர் 28ஆம் திகதி மாணவர் போராட்டத்தைக் கைவிட்டு வகுப்புக்குத் திரும்பினர். சௌஹான் 2016 ஜனவரியிற் பதவியேற்றார்; 2017இல் அவர் காலம் முடிந்து நடிகர் அனுபம் கேர் அப்பதவிக்கு வந்தார். மேலோட்டமாக நோக்கின் மாணவர் தோற்றனர். ஆயின் தோல்வி என்பது படமெடுப்போர்க்கு ஒரு மூலப்பொருள். அத் தோல்வியின் பின் விடுதி அறைகளில் எஞ்சியவை எவை? காணொளித் துண்டுகள், புகைப்படங்கள், சுவரெழுத்துகள், நண்பர் பேச்சு. இவற்றிலிருந்தே பாயல் கபாடியாவின் முதல் முழுநீளப் படம் பிறந்தது.

பெட்டியிற் கிடைத்த கடிதங்கள்

மாணவியாக இருந்தபோது கபாடியா ஆக்கிய 'ஆஃப்டர்நூன் கிளவுட்ஸ்' என்னும் குறும்படம் 2017இல் கான் விழாவின் மாணவர் படப்பிரிவுக்குத் தெரிவாயிற்று. 13 நிமிடப் படம் அது. அறுபது வயதான கைம்பெண் ஒருத்தியும் அவள் வீட்டிற் பணிபுரியும் நேபாளப் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் வாழும் ஒரு பிற்பகல், அவ்வளவே கதை. எசமானியும் பணிப்பெண்ணும் வர்க்கத்தால் வேறுபட்டவர், தனிமையால் ஒன்றுபட்டவர். சிறிய அறையொன்றினுள் சமூக உறவுகளைக் காணும் இப்பார்வை பின்னர் அவர் எடுத்த படங்கள் அனைத்திலும் வளர்ந்து செல்வதை அவதானிக்கலாம்.

2021இல் வெளிவந்த முழுநீள விவரணப்படத்தின் பெயர் 'எ நைட் ஒஃப் நோயிங் நத்திங்'. 'ஒன்றும் அறியாததோர் இரவு' எனத் தமிழிற் கூறலாம். கான் விழாவில் அவ்வாண்டின் சிறந்த விவரணப்படத்துக்கான 'தங்கக் கண்' பரிசு இதற்குக் கிடைத்தது. நிறுவகத்தின் விடுதி அறையொன்றில் ஒரு பெட்டி கண்டெடுக்கப்படுகிறது. அதனுள் 'எல்' என்று மாத்திரம் ஒப்பமிட்ட மாணவி ஒருத்தியின் கடிதங்கள் உள்ளன என்று படம் தொடங்குகிறது. பெட்டியும் எல்லும் கற்பனை. கடிதங்கள் அவள் காதலனுக்கு எழுதப்பட்டவை. அவனும் அந்நிறுவக மாணவனே. வேறு சாதிப் பெண்ணைக் காதலித்த குற்றத்துக்காகப் பெற்றோர் அவனை ஊருக்கு அழைத்துச் சென்று தடுத்து வைத்துவிட்டனர். மறுமொழி வருவதில்லை. அவளோ எழுதிக்கொண்டேயிருக்கிறாள்.

அவள் குரல் ஒலிக்கையில் திரையிற் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் நகர்கின்றன. இரவில் நடனமாடும் மாணவர், துயிலும் நண்பர், சுவரில் நிழல், எவரோ ஒருவர் வீட்டுப் பழைய குடும்பப் படச்சுருள். பின்னர் ஊர்வலங்கள். தம் நிறுவகத்தின் போராட்டத்திலிருந்து மெல்ல மெல்லக் கடிதம் நாட்டின் ஏனைய பல்கலைக்கழகங்களுக்கு நகர்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா, உதவிப்பணம் நிறுத்தப்பட்டு, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2016 ஜனவரி 17ஆம் திகதி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் விட்டுச்சென்றதும் ஒரு கடிதமே. நாடெங்கும் வாசிக்கப்பட்ட அக் கடிதத்தின் நிழல் எல் எழுதும் கடிதங்கள்மீது படிந்திருக்கிறது.

இவ்விடத்திற் படத்தின் உள்ளீடு தெளிவாகிறது. காதலனைப் பூட்டிவைத்த சாதியும் ரோஹித்தை வெளியேற்றிய சாதியும் ஒன்றே. வீட்டினுள் அது பெற்றோர் உருவில் வருகிறது. பல்கலைக்கழகத்தில் நிருவாக ஆணையின் உருவில் வருகிறது. இவ்வுண்மையைக் கோஷமாகச் சொல்லியிருந்தால் நாம் தலையசைத்துவிட்டு மறந்திருப்போம். மறுமொழி வராத கடிதமாகச் சொல்லியதனால் அது நெஞ்சில் தைக்கிறது. தன் துயரத்தை எழுதத் தொடங்கிய பெண், எழுத எழுத, அத்துயரத்தின் வேர் தன் வீட்டுக்கு வெளியே எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதைக் கண்டுகொள்கிறாள். மாணவப் பருவம் என்பதன் இலக்கணமே இதுவன்றோ?

செய்தியும் சாட்சியும்

கபாடியாவின் படம் ஊடகம் பற்றியும் ஆழ்ந்த சிந்தனையைத் தூண்டுகிறது. அது பயன்படுத்தும் காட்சிகள் பல அவரும் ஒளிப்பதிவாளர் ரணபீர் தாசும் எடுத்தவை. சில நண்பர்கள் கைத்தொலைபேசியில் எடுத்தவை. வேறு சில பொதுவெளியிற் கிடந்தவை. அவற்றுள் ஒன்று தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழக நூலகத்தின் கண்காணிப்புக் கமராப் பதிவு. 2019 டிசம்பர் 15ஆம் திகதி குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தின்போது பொலிஸார் அந்நூலகத்தினுட் புகுந்து மாணவரைத் தடியாலடித்தனர். ஒலியில்லாத, உயரத்திலிருந்து நோக்கும், எவர்மீதும் இரக்கமோ வெறுப்போ இல்லாத அக் காட்சியைப் படம் அவசரப்படாது காட்டுகிறது.

கண்காணிப்புக் கமரா மாணவரைக் கண்காணிக்கவே அங்கு பொருத்தப்பட்டது. அதுவே மாணவருக்குச் சாட்சியாயிற்று. இதிலிருந்து ஒரு பொது விதியைப் பெறலாம்: கருவி எவர் பக்கமும் இல்லை, அதன் காட்சியை எவர், எந்த வரிசையில், எவ்வளவு நேரம் காட்டுகின்றனர் என்பதே பக்கத்தைத் தீர்மானிக்கிறது.

இதன் மறுபக்கமும் இந்திய மாணவர் கண்டதே. 2016 பெப்ரவரியில் தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் தேசத்துரோகக் கோஷம் எழுப்பினர் எனத் தொலைக்காட்சிகள் சில காணொளிகளை இரவு பகலாக ஒளிபரப்பின. மாணவர் தலைவர் கைதாயினர். பின்னர் தில்லி அரசு பரிசோதனைக்கு அனுப்பிய ஏழு காணொளிகளுள் இரண்டு திரிக்கப்பட்டவை என ஆய்வகம் அறிவித்தது. ஆயின் ஒளிபரப்பு எட்டிய வீடுகள் அனைத்தையும் அவ்வறிக்கை எட்டவில்லை. பொய் பல்லக்கில் ஏறிச் சென்றது. மெய் கால்நடையாகப் பின்தொடர்ந்தது.

தொலைக்காட்சிச் செய்திக்கும் மாணவர் படத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. செய்தி ஐயத்தை வெறுப்பது. இவர் துரோகி, இவர் தியாகி என உடனே தீர்ப்பு வேண்டும். மாணவர் படமோ ஐயத்திலே தொடங்குவது. அதன் பெயரே ஒன்றும் அறியாத இரவு என்பதாகும். ஒரு கடிதத்தில் எல், தம்மை மறித்து நிற்கும் பெண் பொலிஸார் பற்றி எண்ணுகிறாள். அவர்கள் எத்தகைய வீடுகளிலிருந்து வந்திருப்பர், வேலை முடிந்து எங்கே திரும்புவர் என்று சிந்திக்கிறாள். தடியேந்தி நிற்பவரும் ஏழை வீட்டுப் பிள்ளையாயிருக்கலாம் என்னும் எண்ணம் போராட்டத்தை வலுவிழக்கச் செய்வதன்று; எதிரி யார் என்பதை இன்னும் நுணுக்கமாக அறியச் செய்வது. மாலைச் செய்தியில் இத்தகைய சிந்தனைக்கு இடமில்லை. இச் சிந்தனை முதிர்வதற்கு ஆண்டுகள் வேண்டும். அப்படம் உருவாக ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின. மாணவருக்குக் கிடைத்த நேரம் என்னும் கொடையைப் பற்றி முன்னர் குறிப்பிட்டது இதனாலேயே.

ஜோன் காட்டிய வழி

கடித உருவிலே படமெடுத்தல் புனே மாணவருக்குப் புதிதன்று. கட்டக்கின் மாணவரான ஜோன் ஏபிரகாம் 1986இல் ஆக்கிய மலையாளப் படம் 'அம்ம அறியான்'. அம்மாவுக்குத் தெரிவிப்பது என்பது அதன் பொருள். புருஷன் என்னும் இளைஞன், தற்கொலை செய்துகொண்ட தோழன் ஒருவனின் மரணச் செய்தியை அவனுடைய தாய்க்கு அறிவிக்கப் புறப்படுகிறான். வழியெல்லாம் நண்பர்கள் சேர்ந்துகொள்கின்றனர். தன் தாய்க்கு அவன் எழுதும் கடிதமாகப் படம் விரிகிறது. ஒரு மாணவனின் மரணமும் மறுமொழி வராத கடிதமுமாய் விரியும் கபாடியாவின் படத்தை, 35 ஆண்டுகளின் பின் அதே பள்ளியிலிருந்து வந்த இன்னொரு கடிதம் எனக் கொள்ளலாம். ஒரு பள்ளியின் மரபு என்பது பாடத்திட்டத்தில் எழுதப்படுவதன்று. இவ்வாறு ஒருவர் விட்ட வாக்கியத்தை இன்னொருவர் தொடர்வதே மரபு.

தமிழ் வாசகர் ஜோனை நன்கறிவர். ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபன உத்தியோகத்தை விட்டுப் புனேயிற் பயின்ற அவர், 1977இல் வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையைக் கொண்டு 'அக்கிரகாரத்தில் கழுதை' என்னும் தமிழ்ப்படத்தை நெறிப்படுத்தினார். தாயற்ற கழுதைக் குட்டியொன்றை வளர்க்கும் பேராசிரியர், அதனைக் கொன்றுவிட்டுப் பின்னர் அதற்கே தெய்வத்தன்மை கற்பிக்கும் அக்கிரகாரம் என்று அமைந்த அவ் அங்கதப் படம் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதினைப் பெற்றது. எனினும் தமிழ்நாட்டுக் கொட்டகைகள் அதனை ஏற்கவில்லை; இந்திய அரசுத் தொலைக்காட்சியும் ஒளிபரப்புவதாக அறிவித்துப் பின் கைவிட்டது. விருது கொடுக்கும் கையும் வாயடைக்கும் கையும் ஒரே உடலிலிருந்து நீளுதல் 2024க்குரிய புதுமையன்று என்பதை இவ்வரலாறு உணர்த்தும்.

ஜோன் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். படமெடுக்கும் பணமும் படம் காட்டும் கொட்டகையும் வியாபாரிகள் கையில் இருக்கும்வரை கலைஞன் சுதந்திரன் அல்லன். 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு சேர்ந்து 'ஒடேசா' என்னும் கூட்டமைப்பை உருவாக்கினார். ஊரூராகச் சென்று சப்ளினின் 'த கிட்' முதலிய படங்களைக் காட்டி, மக்களிடம் சில்லறையாகச் சேர்த்த பணத்தில் உருவானதே 'அம்ம அறியான்'. உருவான பின் அதனையும் அதே ஊர்களுக்குத் தூக்கிச்சென்று காட்டினர். மறு ஆண்டிலே, 1987இல், ஜோன் காலமானார். அவர் எழுப்பிய வினா காலமாகவில்லை.

பார்ப்பவர் யார், பயில்பவர் யார்

கபாடியாவின் ஆக்கங்கள் பற்றி நேர்மையான ஐயம் ஒன்று எழுப்பப்படலாம். சாதியாலும் வர்க்கத்தாலும் நசுக்கப்பட்டோர் பற்றிய இப்படங்களை அவர்கள் பார்க்கின்றனரா? 'ஒன்றும் அறியாத இரவு' ஐரோப்பிய விழாக்களிற் கொண்டாடப்பட்ட அளவுக்கு இந்தியப் பொதுக் கொட்டகைகளிற் பரவலாகக் காட்டப்படவில்லை. அடுத்த படத்துக்கு பிரான்ஸ், நெதர்லாந்து, லக்ஸம்பேர்க், இத்தாலி ஆகிய நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு வேண்டியிருந்தது. ஜோன் கிராமத்துக்குச் சென்றார். இவரது படம் கானுக்குச் சென்றது எனக் குறை கூறுவோர் உளர்.

இக்குறையில் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆயினும் அதற்குரிய பொறுப்பினைக் கலைஞர் தலையில் மாத்திரம் சுமத்துதல் நீதியாகாது. உள்நாட்டிற் பொருளுதவி கிட்டாதபோது வெளிநாட்டுக் கதவைத் தட்டுதல் இயல்பு. மேலும் 'ஓல் வீ இமாஜின் அஸ் லைட்' படத்தை நோக்குவோம். மும்பை வைத்தியசாலையொன்றிற் பணிபுரியும் மலையாளத் தாதியர் இருவர், பிரபாவும் அனுவும். ஒரே வீட்டில் வசிக்கின்றனர். பிரபாவின் கணவன் ஜேர்மனிக்குச் சென்றவன், கடிதமில்லை, பேச்சில்லை, ஒருநாள் ஒரு ரைஸ் குக்கர் மாத்திரம் வந்து சேர்கிறது. அனு ஒரு முஸ்லிம் இளைஞனைக் காதலித்து ஒளிந்து திரிகிறாள். வைத்தியசாலைச் சமையற்காரியான பார்வதி, தான் வாழ்ந்த வீட்டுக்குரிய பத்திரம் இன்மையாற் கட்டட முதலாளியினால் வெளியேற்றப்படுகிறாள். மலையாளமும் ஹிந்தியும் மராத்தியும் கலந்த, பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தோரின் நகரம் அது. பொருள் தேடிப் பிரிந்தோரும் பிரிவில் வாடுவோரும் சங்கப் பாடல் தொட்டு நாம் அறிந்தவரே; இங்கு வாடுபவளும் பொருள் தேடுபவளும் ஒருத்தியே என்பதுதான் காலம் செய்த மாற்றம். இப்படம் 2024 செப்டெம்பரிற் கேரளத்திலும் நவம்பரில் இந்தியாவின் ஏனைய நகரங்களிலும் கொட்டகைகளில் வெளிவந்தது. மாணவியாகக் குறும்படத்திலே கண்ட இரு பெண்களின் அறை இங்கு ஒரு மாநகரமாக விரிந்துவிட்டது.

எனவே ஐயத்தை வேறொரு திசையில் திருப்புதல் வேண்டும். பார்ப்பவர் யார் என்பதற்கு முன் பயில்பவர் யார் என்று கேட்டல் வேண்டும். கபாடியா புகழ்பெற்ற ஓவியர் நளினி மலானியின் மகள். கலை மணக்கும் வீட்டிற் பிறந்தவர். அரசு நிறுவகம் இல்லாதிருப்பினும் அவர் ஏதோவொரு வழியிற் கலைஞராகியிருக்கக்கூடும். அவர் படத்தில் வரும் தாதியின் மகளோ, சமையற்காரியின் மகனோ அவ்வாறு ஆகுதல் இயலுமா? அவர்களுக்கு அரசு நிறுவகமே கதி. அந்நிறுவகத்திலோ கட்டணம் ஆண்டுதோறும் பத்துச் சதவீதம் உயரும் முறை ஏற்படுத்தப்பட்டது. நுழைவுத் தேர்வுக் கட்டண உயர்வையும் சேர்த்து எதிர்த்து மாணவர் 2019 டிசம்பரில் உண்ணாவிரதம் இருக்க நேர்ந்தது. கேரளத்தின் கே. ஆர். நாராயணன் திரைப்பட நிறுவகத்தில் சாதிப் பாகுபாடும் இடஒதுக்கீட்டு மீறலும் நிகழ்ந்தன எனக் குற்றஞ்சாட்டி மாணவரும் துப்புரவுத் தொழிலாளரும் 2022 டிசம்பரிற் போராட்டம் தொடங்கினர். 2023 ஜனவரியில் பணிப்பாளர் பதவி விலகினார். அவரை ஆதரித்து நின்ற தலைவர் அடூர் கோபாலகிருஷ்ணனும் விலகினார். மாபெரும் கலைஞராயினும் மாணவர் குரலைச் செவிமடுக்கத் தவறலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. கதவு திறந்திருப்பதாகப் பெயர். ஆனால் படிக்கட்டு உயர்ந்துகொண்டே போகிறது.

கான் பரிசின் பின் கபாடியா விடுத்த அறிக்கையில் வலியுறுத்தியதும் இதுவே. பொது நிறுவகங்கள் எளியோர்க்கும் எட்டுவனவாக இருத்தல் வேண்டும். தாம் அங்கு கற்றது படமெடுக்க மாத்திரமன்று, உலகைப் பற்றி உரையாடவும்தான் என்ற கருத்தினை அவர் முன்வைத்தார். வாழ்த்து மடல்களுக்கு நன்றி கூறி அமைந்திருக்கலாம். அவ்வாறு அமையாது, தம்மை உருவாக்கிய இடத்தின் நிலையைச் சுட்டிக்காட்டியமை பாராட்டுக்குரியது.

கற்க வந்தோர் கற்கட்டும். போராட்டம் எதற்கு என்பது முதியோர் வாயில் அடிக்கடி வரும் வாசகம். கற்பதற்கு வேண்டிய நேரமும் தகுதியான வழிகாட்டலும் எளியோர்க்கு எட்டும் கட்டணமும் கேட்டு நடந்த போராட்டம், கல்விக்குப் புறம்பானதென எங்ஙனம் கொள்வது? அப்போராட்டம் இல்லையெனில் அப்படம் இல்லை. அப்படத்திலே பக்குவப்பட்ட பார்வை இல்லையெனில் 2024ஆம் ஆண்டின் பரிசும் ஐயத்துக்குரியதே. குற்றப்பத்திரத்துக்கும் பரிசுப் பத்திரத்துக்கும் காரணமாய் அமைந்தது ஒரே இயல்பு. சொல்லப்பட்டதை ஏற்காது தன் கண்ணாற் பார்க்க விழைதல் என்பதே அது.

இன்று கமரா ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. எடுத்ததை அக்கணமே உலகுக்கு அனுப்பவும் இயலும். கருவி பெருகப் பெருக நின்று நோக்கும் பழக்கம் அருகி வருவதை ஆசிரியர்கள் வகுப்பறையில் நாள்தோறும் காண்கின்றனர். எடுத்த காட்சியை உடனே அனுப்பாது வைத்திருந்து, இது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது, இதில் என் பங்கு யாது எனத் தன்னைத்தானே வினவும் மாணவர் எந்தச் சமூகத்துக்கும் பெரும்பேறு. அத்தகையோரை உருவாக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றைப் பேணுதல் அரசின் தயவன்று, கடமை. பரிசு வந்த பின் மாலை சூட்டுதல் எவராலும் இயலும். பரிசு எதுவுமின்றி, முடிவுறாத படமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, விடுதி அறையில் விழித்திருக்கும் மாணவரை ஒரு நாடு எவ்வாறு நடத்துகிறது என்பதைக் கொண்டே அந்நாட்டின் கலைப்பற்றை அளந்தறிதல் வேண்டும்.